இனிப்பு ஒயின் பீப்பாயில் தங்கிவந்த ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜின் என்றால் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். பொன் நிறத்திலோ தேன் நிறத்திலோ ஒரு பாட்டிலை எடுத்துவைத்து "இதுவும் ஜின்தான்" என்றால் சட்டென்று யாரும் நம்புவதில்லை. லண்டனில் ஒரு மதுக்கூடத்தில் பத்து வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். அங்கே வருகிறவர்கள் கேட்டது, ஊரிலிருந்து அண்ணன் தம்பிகள் போனில் கேட்டது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது என்ன வகை ஜின்?

முதலில் சாதாரண ஜின் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். தானியத்திலிருந்து வடித்த, மணமோ நிறமோ இல்லாத சாராயத்தில் ஜூனிபர் காயைப் போட்டு மறுபடி வடிப்பார்கள். ஜூனிபர் என்பது மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, கருநீலமான காய். நசுக்கினால் பைன் மரப் பிசின் மணம் அடிக்கும். கூடவே கொத்தமல்லி விதை, ஏஞ்சலிகா வேர், எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல், பட்டை, ஏலக்காய் என்று வடிசாலைக்கு வடிசாலை ஒரு கூட்டு உண்டு. எது சேர்ந்தாலும் ஜூனிபர்தான் முன்னால் நிற்க வேண்டும். ஐரோப்பியச் சட்டப்படி ஆல்கஹால் 37.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

இப்படி வடித்த ஜின்னை உடனே பாட்டிலில் அடைக்காமல், இதற்கு முன் இனிப்பு ஒயின் இருந்த ஓக் மரப் பீப்பாயில் ஊற்றிச் சில வாரமோ சில மாதமோ தங்க வைத்தால் அதுதான் இந்த ஜின். ஒயினை யாரும் ஊற்றிக் கலப்பதில்லை. ஒயினைக் குடித்து வளர்ந்த மரம் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் இது இனிக்குமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. நாக்கில் கொஞ்சம் இனிப்பதுபோலத் தோன்றும், ஆனால் சர்க்கரை மிகக் குறைவு. கணக்குப் போட்டே பார்க்கலாம். பிரான்ஸின் ஒயின் பகுதியான போர்தோவில் புழங்கும், 225 லிட்டர் கொள்ளும் ஒரு பீப்பாயின் பலகைகளுக்குள் சொத்தேர்ன் என்ற இனிப்பு ஒயின் 3 லிட்டர் ஊறி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒயினில் லிட்டருக்கு 130 கிராம் சர்க்கரை. மொத்தம் 390 கிராம். அது முழுக்க ஜின்னுக்குள் இறங்கினால்கூட லிட்டருக்கு 2 கிராம் வராது. 60 மில்லி ஊற்றினால் உங்கள் டம்ளரில் இருப்பது 0.1 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராமுக்கு மேல்.

பிறகு ஏன் இனிப்பதுபோல இருக்கிறது? பாதி வேலையை மூக்குதான் செய்கிறது. வனிலா, தேன், உலர்ந்த ஆப்ரிகாட் மணம் வந்தவுடனே மூளை இனிப்பை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். மரம் சாராயத்தின் காரத்தையும் கொஞ்சம் மழுக்கிவிடுகிறது. நிஜமாகவே சர்க்கரை போட்ட ஜின் வேண்டும் என்றால் அது ஓல்ட் டாம் என்ற வேறு வகை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தைரியமாகக் குடிக்கலாம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆல்கஹாலே ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடக்கூடியது, மருந்தோடு சேரும்போது இன்னும் சிக்கல். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தெந்த ஒயின் பீப்பாய்கள்?

சொத்தேர்ன் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். போர்தோவுக்குத் தெற்கே சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு, அதைவிட வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் வந்து சேர்கிறது. இலையுதிர் காலத்தில் இரண்டும் சேரும் இடத்தில் காலையில் மூடுபனி கிளம்பும். அந்த ஈரத்தில் பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சணம் திராட்சையில் பிடிக்கும். மதிய வெயில் அதைக் கட்டுக்குள் வைக்கும். பூஞ்சணம் தோலைத் துளைக்க, பழத்தின் நீர் வற்றி, சர்க்கரையும் புளிப்பும் மணமும் ஒன்றாகச் செறிந்துபோகும். பழுத்ததை மட்டும் பொறுக்கி, ஒரே தோட்டத்துக்குள் திரும்பத் திரும்பப் போய்ப் பறிப்பார்கள். அங்கே புகழ்பெற்ற ஷாத்தோ திக்கெமில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் என்று சொல்வது வழக்கம். அவ்வளவு பாடுபட்டு வந்த ஒயின் ஊறிய மரம் என்பதால்தான் அந்தப் பீப்பாய்க்கு இவ்வளவு மரியாதை.

ஹங்கேரியின் டோக்காய் இதற்கு நெருங்கிய சொந்தம். அங்கேயும் அதே பூஞ்சணம், ஆனால் திராட்சை வேறு: ஃபுர்மின்ட். புளிப்பு தூக்கலாக இருப்பதால் எலுமிச்சைத் தோல் அதிகம் சேர்த்த ஜின்னோடு ஒத்துப்போகும். அவர்களின் பாரம்பரியப் பீப்பாய் 136 லிட்டர்தான். சின்னப் பீப்பாயில் மரத்தின் பிடி சீக்கிரம் இறுகும்.

பெத்ரோ ஹிமெனெஸ் தெற்கு ஸ்பெயினின் ஷெர்ரி என்ற ஒயின் குடும்பத்தைச் சேர்ந்தது. பறித்த திராட்சையைப் பாயில் பரப்பி வெயிலில் காயவைத்துப் பிழிவார்கள். ஏறக்குறைய உலர் திராட்சைச் சாறு. கறுப்பாக, பாகு மாதிரி ஊற்றும். சர்க்கரை லிட்டருக்கு 212 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி, பல பாட்டில்களில் அதையும் தாண்டி எங்கேயோ போகும். இந்தப் பீப்பாய் ஜின்னை விழுங்கிவிடும் என்பது என் அனுபவம். அத்திப்பழம், பேரீச்சை, காப்பி எல்லாம் வரும், ஜூனிபரைத் தேட வேண்டியிருக்கும். மென்மையான ஜின்னை இதில் போடுவது வீண்.

போர்ட், போர்ச்சுகலின் தோரு பள்ளத்தாக்கு ஒயின். பாதி நொதித்த நிலையில் 77 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்துவதால் இனிப்பு மிஞ்சுகிறது. இந்தப் பீப்பாய் ஜின்னுக்கு இளஞ்சிவப்பு நிறமும் செர்ரி, பிளம் வாசனையும் தரும். மதேரா, மர்சாலா, மஸ்கட் பீப்பாய்களும் உண்டு.

பீப்பாய்க்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

ஒன்று, மரம் கொடுப்பது. பீப்பாய் செய்யும்போது பலகையை நெருப்பில் வாட்டி வளைப்பார்கள். அந்தச் சூட்டில் மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலின் உண்டாகிறது. இன்னொரு பகுதி கருகிய சர்க்கரை மணமாகிறது. ஓக்குக்கே உரிய லாக்டோன் தேங்காய் வாசனை தரும். அமெரிக்க ஓக்கில் இது அதிகம். துவர்ப்புக்கு டானின்.

இரண்டு, ஒயின் கொடுப்பது. நம் சமையலறைக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. சொத்தேர்ன், டோக்காய், மதேரா, பழைய ஷெர்ரி எல்லாவற்றிலும் சோட்டலோன் என்ற ஒரு சேர்மம் இருக்கிறது. நம் வெந்தயத்தின் மணத்துக்கும் இதுவேதான் காரணம். வெறும் வாணலியில் வெந்தயத்தை மிதமான தீயில் போட்டு, அது பொன்னிறத்திலிருந்து செம்மைக்குத் திரும்பும் அந்த நிமிஷத்தில் மூக்கை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். முதலில் காரமான மணம், அதன் அடியில் காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி ஒரு இனிப்பு. கொஞ்சமாக இருக்கும்போது பாகு, அதிகமானால் வெந்தயம். நல்ல சொத்தேர்ன் பீப்பாய் ஜின்னை முகர்ந்தால் அந்தப் பாகு முனை பிடிபடும். வெள்ளைக்காரச் சகாக்கள் இதை 'மேப்பிள் சிரப்' என்பார்கள். எனக்கு அம்மா ஊறுகாய்க்கு வெந்தயம் வறுத்த வாசனைதான்.

மூன்று, ஜின் இழப்பது. இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. ஜின்னின் மேல் மணங்கள், அதாவது ஜூனிபரின் பைனீன், எலுமிச்சைத் தோலின் லிமோனீன், காற்றோடு சேர்ந்து மெல்ல மங்குகின்றன. பாட்டிலைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்தப் புத்துணர்ச்சி குறையும். வேர்களும் பட்டையும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் நல்ல வடிசாலைகள் தங்கள் வழக்கமான ஜின்னை அப்படியே பீப்பாயில் ஊற்றாமல், ஜூனிபரைத் தூக்கலாகப் போட்டு இதற்கென்றே வடிக்கின்றன. பீப்பாயில் போகப்போவதை முன்கூட்டியே ஈடுகட்டுவது. பந்திக்குப் போவதற்குள் ஊறிவிடும் என்று சாம்பாரில் புளியைக் கணித்துப் போடுகிற கைப்பக்குவம் மாதிரி.

எத்தனை நாள் தங்க வேண்டும்?

விஸ்கிக்கு வருடக் கணக்கு, ஜின்னுக்கு வாரக் கணக்கு. வடித்த விஸ்கி முரட்டுத்தனமாக இருக்கும், மரம் அதை அடக்கிப் பக்குவப்படுத்த வேண்டும். ஜின் பீப்பாய்க்குள் போகும்போதே முழுமையாக இருக்கிறது. அதற்கு மேல் ஒரு பூச்சுதான் தேவை. மூன்று வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஒரு வருடம் தாண்டிய சிலவற்றைச் சுவைத்திருக்கிறேன். நல்ல மதுதான், ஆனால் கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் ஜின் என்று சொல்ல மாட்டேன்.

பருவநிலையும் முக்கியம். சூட்டில் சாராயம் மரத்துக்குள் வேகமாகப் போய் வரும், ஆவியாகவும் போகும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் போனால், பெங்களூரில் விஸ்கி பீப்பாய்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகிறது. சூடான ஊரில் ஜின்னைத் தங்க வைப்பவர் தினமும் எடுத்துச் சுவைத்துப் பார்க்க வேண்டும்.

இது புது மோகமா, பழைய பழக்கமா?

மரத்தோடு ஜின்னுக்கு உள்ள உறவு பழையது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை லண்டன் வடிசாலைகள் ஜின்னைப் பீப்பாயில்தான் மதுக்கடைகளுக்கு அனுப்பின. 1861இல் பிரிட்டனில் சட்டம் மாறி மதுவைத் தனிப் பாட்டிலாக விற்க வழி பிறந்த பிறகுதான் கண்ணாடி மெல்ல மெல்ல இடம்பிடித்தது. அதுவரை குடித்த ஜின்னில் கொஞ்சம் மர வாசனை இருந்திருக்கும், யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அப்புறம் பூத்ஸ் என்ற லண்டன் நிறுவனம் தன் ஜின்னை ஷெர்ரி பீப்பாயில் தங்க வைத்தே விற்றது. வெளிர் மஞ்சள் நிறம்தான் அதன் அடையாளம்.

'ஃபினிஷ்', அதாவது கடைசியில் வேறு பீப்பாய்க்கு மாற்றி முடிக்கும் எண்ணம், விஸ்கிக்காரர்களிடமிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் பால்வெனி வடிசாலையில் டேவிட் ஸ்டீவர்ட் 1980களில் ஒரு பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியை ஷெர்ரி பீப்பாய்க்கு மாற்றிப் பார்த்தார். 1993இல் வந்த டபுள்வுட் அந்த வழியில் பிறந்தது. கிளென்மோரஞ்சி பிறகு நெக்டர் டோர் என்ற பெயரில் சொத்தேர்ன் பீப்பாயில் முடித்த விஸ்கியை விற்றது. ஜின்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்!

பிரான்ஸின் சிட்டடெல் ஜின்னின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அதன் சொந்தக்காரர் அலெக்சாந்த்ர் கப்ரியேல் அடிப்படையில் கோஞ்ஞாக் என்ற பிரெஞ்சு பிராந்தி வடிப்பவர். கோஞ்ஞாக் விதிப்படி மார்ச் 31க்குப் பிறகு அந்த ஆண்டின் வடிப்பை நிறுத்த வேண்டும். செம்புக் கொப்பரைகள் கோடை முழுக்கச் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் ஜின் வடிக்கலாமே என்று 1996இல் சிட்டடெலைக் கொண்டுவந்தார். பீப்பாய்களும் கையில்தான் இருந்தன. 2008இல் சிட்டடெல் ரிசர்வ் வந்தது. அதற்குப் பயன்பட்டவற்றில் பினோ தே ஷரான்த் பீப்பாயும் உண்டு. பினோ என்பது திராட்சைச் சாறு நொதிப்பதற்குள் கோஞ்ஞாக்கை ஊற்றிச் செய்யும் அந்த ஊர் இனிப்பு மது. எல்லாம் ஒரே ஊரில், ஒரே வீட்டுப் பொருட்கள்.

லண்டனில் பீஃபீட்டர் 2013இல் பரோஸ் ரிசர்வ் என்ற ஜின்னை வெளியிட்டது. நிறுவனர் ஜேம்ஸ் பரோவின் காலத்து, 268 லிட்டர் மட்டுமே கொள்ளும் பழைய செம்புக் கொப்பரையில் வடித்து, ஜான் தெ லில்லே இருந்த ஓக் பீப்பாயில் தங்க வைத்தார்கள். லில்லே போர்தோவுக்குத் தெற்கே, சொத்தேர்னுக்குப் பக்கத்து ஊரான பொதான்சாக்கில் 1872இல் தொடங்கிய நிறுவனம் செய்வது. ஒயினோடு ஆரஞ்சுத் தோல் ஊறலும் சிங்கோனா பட்டையும் சேர்ந்த, லேசாக இனிக்கும் மது. இதில் ஒரு அழகு இருக்கிறது. சிங்கோனாவில் இருப்பது கொய்னா (குயினைன்) என்ற கசப்பு. டானிக் தண்ணீரில் இருப்பதும் அதே கொய்னா. ஜின்னின் பழைய கூட்டாளியை டம்ளரில் ஊற்றாமல் மரம் வழியாக உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். பீப்பாயைத் தேர்ந்தெடுப்பதில் இப்படி ஒரு காரணம் இருந்தால் சுவையில் அது தெரிகிறது.

எல்லாப் பீப்பாயும் நல்ல பீப்பாய்தானா?

இல்லவே இல்லை. ஒரு சின்ன வடிசாலையில் வேலை செய்யும் நண்பர் ஒரு முறை என்னைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். ஒரே லாரியில் வந்த இரண்டு இனிப்பு ஒயின் பீப்பாய்கள். முதலாவதின் சிலிக்கோன் அடைப்பை முறுக்கி எடுத்தார். தேன், ஈர மரம், ஆரஞ்சு மர்மலேட். கையை உள்ளே விட்டால் விரலில் பிசுக்கு ஒட்டியது. இரண்டாவதைத் திறந்தார். காடி. மூக்கைச் சுருக்கவைக்கும் காடி, அதன் பின்னால் தீக்குச்சி உரசிய நெடி. டார்ச் அடித்துப் பார்த்தால் உட்பக்கப் பலகை காய்ந்து, மூட்டுகளில் வெளிச்சக் கீற்று தெரிந்தது. வழியில் எங்கேயோ வாரக் கணக்கில் வெயிலில் கிடந்திருக்கிறது. அவர் ஒன்றும் பேசாமல் அதை உருட்டிக்கொண்டு போய் வெளியே நிறுத்தினார். இப்போது அதில் ரோஜாச் செடி இருக்கிறது.

காலிப் பீப்பாய் கெடாமல் இருக்க உள்ளே கந்தகம் கொளுத்துவது ஒயின்காரர்களின் வழக்கம். அதைச் சரியாகக் கழுவாமல் ஜின் ஊற்றினால் அந்த நெடி பாட்டில்வரை வந்துவிடும். உங்கள் பாட்டிலில் தீக்குச்சி வாசனையோ அழுகிய முட்டை வாசனையோ வந்தால் அது 'ஸ்டைல்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது குறை.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

'ஃபினிஷ்ட்', 'ரெஸ்டட்', 'ஏஜ்ட்' என்று என்ன வார்த்தை போட்டிருக்கிறார்கள் என்பதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. எந்த ஒயின், எவ்வளவு காலம் என்ற இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஒயின் பீப்பாய்' என்று மட்டும் எழுதி ஒயினின் பெயரைச் சொல்லாத பாட்டிலை நான் வாங்குவதில்லை. நிறத்தை வைத்தும் முடிவுசெய்ய வேண்டாம். சொத்தேர்ன் பீப்பாயில் அருமையாக வந்த ஜின் வெளுத்த வைக்கோல் நிறத்தில்தான் இருக்கும்.

இதை 'லண்டன் டிரை' என்று சொல்லலாமா?

அந்தப் பெயருக்கு ஐரோப்பிய விதி கடுமையானது. வடித்த பிறகு சாயம் சேர்க்கக் கூடாது, இனிப்பு லிட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் தங்கியதற்கு இந்தப் பெயரைப் போட்டு வம்பை விலைக்கு வாங்க வேண்டாம் என்று பல வடிசாலைகள் விட்டுவிடுகின்றன. லண்டன் டிரையாக வடித்து அப்புறம் பீப்பாயில் ஊற்றினோம் என்று சொல்வார்கள், அது சரி.

ஸ்லோ ஜின், ஷிராஸ் ஜின் இவையும் இதே வகையா?

வேறு. ஸ்லோ ஜின் காட்டுப் பிளம் காயை ஜின்னில் ஊறவைத்துச் சர்க்கரை சேர்த்த இனிப்பு மது. ஆஸ்திரேலியாவின் ஃபோர் பில்லர்ஸ் புகழ்பெறச் செய்த ஷிராஸ் ஜின்னில் திராட்சையையே ஜின்னில் ஊறவைக்கிறார்கள். இரண்டிலும் பழம் நேராக உள்ளே போகிறது. நம் ஜின்னில் எல்லாம் மரம் வழியாகத்தான்.

எப்படிக் குடிப்பது?

முதல் வாயை ராவாகக் குடியுங்கள். 20 மில்லி போதும். வாய் குறுகிய சின்ன கிளாஸ் இருந்தால் நல்லது, மணம் அங்கேயே நிற்கும். ஐஸ் வேண்டாம். மூக்கில் வைத்ததும் மரமும் ஒயினும் முதலில் வரும். ஒரு நிமிஷம் பொறுத்தால் ஜூனிபர் பின்னாலிருந்து எழும். அப்படி எழவே இல்லை என்றால் அந்த ஜின்னை எடுத்தவர்கள் பீப்பாயிடம் தோற்றுவிட்டார்கள். பிறகு ஒரு டீஸ்பூன் தண்ணீர் விடுங்கள். பெரும்பாலும் கொத்தமல்லியும் தோல் வாசனையும் அப்போதுதான் திறக்கும்.

டானிக்கோடு குடிக்கலாமா என்று கேட்டால், பீப்பாயைப் பொறுத்தது. சொத்தேர்ன், லில்லே, டோக்காய் என்றால் தாராளமாக. இனிப்புக் குறைந்த டானிக் எடுங்கள், ஜின் ஒரு பங்குக்கு டானிக் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துவிடாதீர்கள், ஆரஞ்சுத் தோலை மட்டும் டம்ளர் மேல் முறுக்கி எண்ணெய் தெறிக்கவிட்டுப் போடுங்கள். பெத்ரோ ஹிமெனெஸ், போர்ட் பீப்பாய் ஜின்னில் மரத் துவர்ப்பும் கொய்னாக் கசப்பும் ஒன்றோடொன்று மோதி நாக்கை வறட்டும். அதற்கு இஞ்சி ஏல் ஊற்றுங்கள். சோடாவும் பரவாயில்லை.

காக்டெயில் என்றால் மார்ட்டினஸ்தான் என் முதல் தேர்வு. ஜின்னோடு இனிப்பு வெர்மூத் (மூலிகை ஒயின்), கொஞ்சம் மராஸ்கினோ (செர்ரி மது), இரண்டு சொட்டு பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு). ஜின், இனிப்பு வெர்மூத், கசக்கும் கம்பாரி மூன்றும் சேர்ந்த நெக்ரோனியும் நன்றாக வரும், ஆனால் சம அளவு ஊற்றினால் ஜின் காணாமல் போகும். அதனால் நான் ஜின்னை ஒன்றரைப் பங்காக்கிவிடுவேன். டிரை மார்ட்டினிக்கு இது வேண்டாம்.

சைடு டிஷ் என்ன?

சொத்தேர்ன் ஒயினுக்கு ராக்ஃபோர்ட் என்ற நீலப் பூசண சீஸ் பிரெஞ்சுக்காரர்களின் காலம்காலமான ஜோடி. அதன் பீப்பாயில் தங்கிய ஜின்னுக்கும் அது பொருந்துகிறது. சீஸ் பழக்கமில்லாதவர்களுக்கு நெய்யில் வறுத்து உப்புத் தூவிய முந்திரி. பெத்ரோ ஹிமெனெஸ் பீப்பாய் என்றால் கசப்பு அதிகமுள்ள கறுப்புச் சாக்லேட். காரமான வறுவலோடு மட்டும் வேண்டாம், சாராயச் சூடும் மிளகாய்ச் சூடும் சேர்ந்தால் அந்த நுணுக்கமான மணம் எதுவும் மிஞ்சாது.

தண்ணீர் விட்டதும் கலங்கிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. ஜூனிபர், தோல் எண்ணெய்கள் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீரோ ஐஸோ விட்டு ஆல்கஹால் அடர்த்தி குறைந்தவுடன் அவை நுண்துளிகளாகப் பிரிந்து பனி மாதிரி மங்கும். வாசனைப் பொருட்களை வடிசாலை தாராளமாகப் போட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

வடிப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள், அது சட்டவிரோதம், ஆபத்தும்கூட. வாங்கிய ஜின்னைச் சின்னப் பீப்பாயில் தங்க வைப்பதை இங்கே பலர் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். 2 லிட்டர் ஓக் பீப்பாய். முதலில் வெந்நீர் ஊற்றி இரண்டு மூன்று நாள் வைத்து, ஒழுகல் நிற்கும்வரை பலகை ஊதவிட்டேன். பிறகு ஒரு மாதம் இனிப்பு ஷெர்ரி. அதை வடித்துவிட்டு ஜின்னை ஊற்றினேன்.

முதல் தடவை பத்து நாள் விட்டுவிட்டேன். மரப்பட்டறையை நக்கியது மாதிரி இருந்தது. சின்னப் பீப்பாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் படும் மரப்பரப்பு பெரிய பீப்பாயைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை அப்போதுதான் நாக்கால் புரிந்துகொண்டேன். இரண்டாவது தடவை மூன்றாம் நாளே சரியாக வந்தது. தினமும் ஒரு ஸ்பூன் எடுத்துச் சுவையுங்கள். 'இன்னும் கொஞ்சம் இருக்கலாமே' என்று தோன்றும் நாளில் எடுத்துவிடுங்கள். பீப்பாயைக் காலியாகக் காயவிடாதீர்கள், எப்போதும் எதையாவது நிரப்பி வையுங்கள்.

ஏன் இவ்வளவு விலை?

225 லிட்டர் பீப்பாயில் 55 சதவீத ஜின் ஊற்றினார்கள் என்று வைப்போம். வெளியே எடுத்து 43 சதவீதத்துக்குத் தண்ணீர் சேர்த்தால், ஆவியானதைக் கழிக்காமலே, 700 மில்லி பாட்டில் சுமார் 410தான் கிடைக்கும். நல்ல பீப்பாயின் விலை, ஈரம் காயாமல் கொண்டுவரும் செலவு, அத்தனை வாரம் முடங்கும் பணம், நடுவில் ஒன்றிரண்டு காடியானால் அந்த நஷ்டம், எல்லாம் அந்த 410 பாட்டிலின் தலையில்தான் விழும். வழக்கமான ஜின்னைவிட அரை மடங்கு கூடுதல் விலை நியாயம் என்பேன். இரண்டு மடங்கு கேட்டால் ஒயினின் பெயரையும் தங்கிய காலத்தையும் கேளுங்கள்.

திறந்த பாட்டிலை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

நிமிர்த்தி, வெயில் படாமல், தக்கையை இறுக்கமாக மூடி வையுங்கள். படுக்க வைத்தால் சாராயம் தக்கையை அரிக்கும். திறக்காத பாட்டில் அப்படியே இருக்கும், வருடம் ஏற ஏறச் சுவை கூடாது. மரத்தை விட்டு வெளியே வந்ததோடு அதன் வளர்ச்சி முடிந்தது. திறந்ததை ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் இன்னும் சீக்கிரம். முதலில் போவது ஆரஞ்சுத் தோல் வாசனை, அடுத்து ஜூனிபர். கடைசியில் மிஞ்சுவது மரம் மட்டும்.

இதுவரை குடித்ததே இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

சொத்தேர்ன் அல்லது அதன் அக்கம்பக்கத்து ஒயின் பீப்பாய், இரண்டு மாதத்துக்குள் தங்கியது, 43 சதவீதத்தை ஒட்டிய பலம். கடைக்காரர் முகர்ந்து பார்க்கவிட்டால் பக்கத்திலேயே அதே வடிசாலையின் சாதாரண ஜின்னையும் திறக்கச் சொல்லுங்கள். ஒன்றை முகர்ந்துவிட்டு மற்றதை முகருங்கள். இரண்டிலும் ஒரே ஜூனிபர் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.